மன்மதன் காலுக்கு டானிக்

ஐம்பத்து மூன்றாவது வயதில் விஞ்ஞானி ஆவது என்று நான் முடிவு செய்தேன். அதற்குக் காரணம் என் வலது கணுக்கால்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே இருக்கிறது. மாசி பிறந்தால் காமன் கூத்து. தப்பு முழங்க, தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் மன்மதனும் ரதியும் ஆடிக்கொண்டே போவார்கள். இரண்டு வேஷமும் ஆண்கள்தான் கட்டுவது. கடைசி நாள் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்துவிடுவார். ரதி மண்ணில் விழுந்து புரண்டு ஒப்பாரி வைப்பாள். அந்த மன்மதன் பல வருஷமாக நான்தான். என்னை எரிக்காத சிவன் எங்கள் டிவிசனில் கிடையாது. ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து அரைக்கும் மிசினடியில் வருஷம் முழுக்க நிற்கிற முத்துலிங்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூத்தன்று மட்டும் மலை வேலைகளுக்கு அதிகாரியான கண்டாக்கையா கூட நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஒரு மனிதனுக்கு அது போதாதா? போதாதுதான். வேறு எதுவும் கிடைக்காததால் போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் வருஷம் அதற்கும் ஆபத்து வந்தது. முதல் ஆபத்து என் மனைவி மீனம்மா.

“இந்த வருசம் நீங்க ஆட வேணாம்.”

“ஏன்?”

“வட்டவளையிலருந்து சம்பந்தி வாராங்க. மகளக் கட்டிக்குடுத்த ஈரம் இன்னும் காயல. மருமகனோட மாமனாரு மூஞ்சில ரோஸ் பவுடர அப்பிக்கிட்டு, கரும்பு வில்லத் தூக்கிக்கிட்டுக் குதிச்சா, அவங்க என்னா நெனப்பாங்க?”

“மன்மதன்னு நெனப்பாங்க.”

“மன்மதனுக்கு முன்பல்லு ரெண்டு இருக்குமுங்க.”

நான் வாயை மூடிக்கொண்டேன். பேச்சில் தோற்றதால் அல்ல. பல் விஷயம் நினைவு வந்ததால்.

இரண்டாவது ஆபத்து, லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் மச்சான் சின்னத்தம்பி. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். என்னைவிட நாலு வயது இளையவன். எல்லாப் பல்லும் இருக்கிறது. அதை அடிக்கடி காட்டவும் செய்வான். அவனுக்கும் மன்மதன் ஆசை வந்துவிட்டது.

கூத்து வாத்தியார் இராமையா நியாயமான மனிதர். நியாயமான மனிதர்களால்தான் இந்த உலகத்தில் எலும்பு முறிகிறது. “ரெண்டு பேரும் ஒண்ணாத் தாவிக் காட்டுங்கப்பா. எவன் ஒசரமோ அவன்தான் மன்மதன்” என்றார்.

தாவினோம். நடுவானத்தில் அவன் என் வேட்டியைப் பிடித்தான் என்று நான் சொல்கிறேன். நான் அவன் வேட்டியைப் பிடித்தேன் என்று அவன் சொல்கிறான். வேட்டிகள் சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. இரண்டு பேரும் தேயிலை மலைக் கானில் ஒன்றாக விழுந்தோம். தண்ணீர் ஓடுகிற கான். எழுந்து பார்த்தால் எனக்கு வலது கணுக்கால் சுளுக்கு. அவனுக்கும் வலது கணுக்கால் சுளுக்கு. இதில் கூட என்னோடு போட்டி.

வாத்தியார் கரையில் நின்று தீர்ப்பைத் திருத்திக்கொண்டார். “சரி, சரி. காமன் கம்பம் ஊன்றதுக்குள்ள எவன் கால் தேறுதோ அவன் மன்மதன்.”

தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டரையா இரண்டு கணுக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சந்தையில் இரண்டு மரவள்ளிக் கிழங்கைப் பார்ப்பதுபோல. “முறிவு இல்ல. காலை ஆட்டாம வீட்டுல உக்காருங்க. அதுதான் மருந்து” என்றார். ஒரு போத்தல் தைலமும் கொடுத்தார்.

சும்மா உட்காருவது மருந்து என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்படியென்றால் கண்டாக்கையாவுக்கு இந்த ஜன்மத்தில் ஒரு நோயும் வரக் கூடாதே. போன மாதம்தானே அவருக்கு மூலம் வந்தது?

தைலப் போத்தல் ஒரு பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தது. தைலத்தைக் காலில் பூசிவிட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து தாளை வாசித்தேன். சீமையிலிருந்து வந்த செய்தியாம். ‘அடிபட்ட உடல் எப்படித் தேறுகிறது?’ என்று தலைப்பு. நாலு வரி வாசித்ததும் என் மேல் மயிர் சிலிர்த்தது. எனக்காகவே எழுதியிருந்தார்கள்.

“மீனம்மா! இங்க வா!”

“அடுப்புல ரொட்டி கெடக்கு.”

“ரொட்டியத்தான் விஞ்ஞானம் வேணாங்குது. வந்து கேளு.”

கரண்டியோடு வந்து நின்றாள். நான் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“‘காயம்பட்ட தசைகள் மீண்டும் வலுப்பெறப் புரதச் சத்து இன்றியமையாதது. முட்டை, இறைச்சி, பால், எலும்புச் சாறு முதலியவற்றில் அது மிகுதியாக உள்ளது. இவற்றோடு வைட்டமின் கலந்த டானிக்கும் அருந்தினால் நோயாளி விரைவில் தேறுவான் எனப் பலரும் கருதுகின்றனர்.’ கேட்டியா? தெனம் முட்டை. ஆட்டுக்கால் சூப்பு. ஒரு போத்தல் டானிக்கு. இது நான் சொல்லல. சீமையில சொல்றான்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“கீழ இன்னும் அரைத் தாளு இருக்கே.”

“அது வேற என்னமோ. வளவளன்னு.”

மீனம்மா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். நான் மூன்றாவது. பெண் பார்க்கப் போனபோது இதை யாரும் என்னிடம் எச்சரிக்கவில்லை. தாளை வாங்கி, நான் நிறுத்திய இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

“‘ஆனால், இவ்வாறு கருதுவதற்குப் போதிய ஆதாரம் இதுவரை இல்லை.’”

“அச்சுக்காரன் தப்பாப் போட்டிருப்பான்.”

“‘ஒருவன் டானிக் குடித்தான், பிறகு தேறினான் என்பதால், டானிக்கினால்தான் தேறினான் என்று ஆகிவிடாது. குடிக்காமலே தேறியிருக்கவும் கூடும். ஒரே விதமாக அடிபட்டவர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு மருந்தும், மறு பிரிவுக்கு மருந்து போலவே தோன்றும் வேறொன்றும் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. மற்றவை எல்லாம் இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும்.’”

வாசித்துவிட்டு, இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னத்தம்பி முனகிக்கொண்டிருந்தான்.

“ஒரே விதமா அடிபட்ட ரெண்டு பேரு” என்றாள் மெதுவாக. “முருகனாப் பாத்துக் குடுத்திருக்காரு.”

“அவனுக்கு எதுக்கு டானிக்கு? பேப்பர வாசிச்சது நானு!”

“அப்ப ஆதாரம் வேணாமா? நாளைக்கு நீங்க தேறி ஆடுனா, டானிக்காலதான் தேறுனீங்கன்னு ஒரு பய நம்புவானா? சின்னத்தம்பி அண்ணன் டானிக்கு இல்லாம நொண்டிக்கிட்டு நின்னாத்தானே தெரியும்?”

யோசித்தேன். சின்னத்தம்பி நொண்டிக்கொண்டு நிற்கும் காட்சி மனதில் வந்தது. அழகான காட்சி. அந்த நிமிஷம்தான் நான் விஞ்ஞானி ஆனேன். பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் எதனால் ஆனார்களோ, எனக்குத் தெரியாது. இப்படித்தான் ஆகியிருப்பார்கள் என்று சில நேரம் தோன்றுகிறது.

சின்னத்தம்பியும் உடனே சம்மதித்தான். அவன் மனதில் நான் நொண்டிக்கொண்டு நின்றிருப்பேன். கொழுந்து லொறி டிரைவரிடம் சொல்லி, அட்டன் டவுனிலிருந்து டானிக் வரவழைத்தோம். போத்தலில் ஒரு பயில்வான் எருமைக் கன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தான். கன்றும் சிரித்தது.

சீட்டுப் போடுகிற நாள் வந்தது. மீனம்மா ஒரு கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மேலே படங்குச் சாக்கைப் போட்டு மூடியிருந்தாள். சின்னத்தம்பியின் மனைவி ராக்காயி எங்கள் இரண்டு பேர் கண்ணையும் துண்டால் கட்டினாள்.

“உள்ள ரெண்டு எலை இருக்கு” என்றாள் மீனம்மா. “ஒண்ணு கொழுந்து. ஒண்ணு முத்தல். ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் பாக்காம எங்கிட்ட குடுத்திரணும். கொழுந்து எடுத்தவருக்கு டானிக்கு, சூப்பு, முட்டை எல்லாம். முத்தல் எடுத்தவருக்கு அதே மாதிரி தெரியிற வேற.”

“குடுக்கிறவங்களுக்கும் தெரியக் கூடாதுன்னு நியாயம் இருக்குமே மதினி?” என்றாள் ராக்காயி.

“எனக்கு என்னாத்தத் தெரியும்? நானு பொம்பள.”

எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

நான் மூத்தவன். முதலில் கையை விட்டேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக ஸ்டோரில் கொழுந்தை அள்ளி அள்ளிப் போட்ட கை இது. கொழுந்து பூனைக்குட்டிக் காது மாதிரி வழுவழுவென்று இருக்கும். முத்தல் இலை செருப்பு மாதிரி இருக்கும். என் கண்ணைத்தான் கட்டினார்கள். விரலைக் கட்டவில்லையே. இது மோசடியா? மோசடிதான் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம், “முதல்ல கைய உள்ள விடு” என்றது.

விட்டேன். முதலில் தொட்டதே கொழுந்து. நுனி மொட்டோடு நெகுநெகுவென்று. மறு இலையைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. எதற்கு? எடுத்து மீனம்மாவிடம் கொடுத்துவிட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

அடுத்து சின்னத்தம்பி. துண்டைக் கொஞ்சம் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. எனக்குப் பாவமாக இருந்தது. கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தக் கைக்கு எந்த இலையும் கொழுந்துதான்.

அன்றிலிருந்து எங்கள் இஸ்தோப்பு ஆராய்ச்சிக் கூடம் ஆனது. காலையும் மாலையும் துணி சுற்றிய இரண்டு போத்தல். ஆளுக்கு ஒரு கரண்டி. என்னுடையது கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. நல்ல சத்துக்கு அடையாளம் அது. சூப்பை எப்படி ஒளிப்பது என்று கேட்டேன். இரண்டு கிண்ணத்திலும் மிளகை அள்ளிக் கொட்டினாள். ஒரு வாய் குடித்ததும் நாக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. குடித்தது ஆடா, ஆற்றுத் தண்ணீரா என்று எப்படித் தெரியும்? முட்டையை ரொட்டியில் கலந்தாள். அதே மஞ்சள் நிறத்தில் மஞ்சள்தூள் போட்டு இன்னொரு ரொட்டி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் எனக்குத்தான் தெரியுமே. ஒவ்வொரு வாய்க்கும் தசை வளர்வது தெரிந்தது. கெண்டைக்காலைக் கையால் பிடித்துப் பார்ப்பேன். முதல் நாளைவிட மறுநாள் கெட்டியாக இருக்கும். எங்கள் காம்பராவில் ஒரு பயில்வான் உருவாகிக்கொண்டிருந்தான். எருமைக் கன்றுதான் பாக்கி.

சங்கடம் ‘சமமாக இருக்க வேண்டும்’ என்பதில்தான் வந்தது.

“ஏங்க, சின்னத்தம்பி அண்ணன் உக்காந்துக்கிட்டே தேங்காய் திருவுறாரு.”

“திருவட்டும். அதுக்கு நான் என்னா செய்ய?”

“நீங்களும் திருவணும். இல்லன்னா அண்ணனுக்கு மட்டும் கை ஓடி ரத்தம் ஓடும். ஒங்களுக்கு ஓடாது. சமமா இருக்காதே?”

திருவினேன். மறுநாள் ராக்காயி அவனிடம் அரிசியில் கல் பொறுக்கக் கொடுத்தாள். நானும் பொறுக்கினேன். அதற்கு மறுநாள் மீனம்மா என்னிடம் பிய்ந்த கூடையைப் பின்னக் கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் ஒரு கூடையோடு உட்கார்ந்தான். யார் முதலில் ஆரம்பிக்கிறார்கள், யார் சமப்படுத்துகிறார்கள் என்று கொஞ்ச நாளில் எனக்கே குழம்பிவிட்டது. அவன் சுருட்டை விட்டான் என்று என் சுருட்டையும் பிடுங்கினாள்.

ஒரு நாள் சாயங்காலம் மலையிலிருந்து வந்து, கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று என்னைத் திட்ட ஆரம்பித்தாள். என் அப்பாவிலிருந்து தொடங்கி, என் பல் வரைக்கும் வந்தாள்.

“இப்ப நான் என்னாடி செஞ்சேன்?”

“ஒண்ணுஞ் செய்யல. ராக்காயி மதினி இன்னிக்கு அண்ணனை ரெண்டு தரம் ஏசிட்டாங்க. நான் ஒரு தரங்கூட ஏசல. அதான்.”

“சரி, அப்ப ரெண்டாவது தரம்?”

“தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்.”

விஞ்ஞானத்துக்காக மனிதர்கள் என்னென்னவோ பட்டிருக்கிறார்கள். நானும் பட்டேன். பட்டதை மறைக்கவும் இல்லை. வலி வந்தால் நான் கொஞ்சம் சத்தமாக முனகுவேன். வலி வராவிட்டாலும், ‘ஐயோ அம்மா, என் காலே’ என்று ஒரு இழுப்பு இழுத்தால் தலையணை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். ரோட்டில் போகிறவர்கள் நின்று, “யாரு வீட்டுல சாவு?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த நாட்களில் இன்னொரு அதிசயமும் நடந்தது. மீனம்மாவின் முகத்தில் ஒரு பளபளப்பு. விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டில் பாட்டுப் பாடியபடி ஏறினாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி அவள் கூடையைப் பார்த்து, “என்னா மீனம்மா, மலையையே புடுங்கிட்டு வந்திட்டியா?” என்று கேட்டாராம். ராக்காயியும் அப்படித்தான். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலிருந்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். நான் இதைப்பற்றி ஆழமாகச் சிந்தித்தேன். புருஷன் வீட்டோடு இருந்தால் பெண்களுக்கு வருகிற சந்தோஷம்தான் இது என்று முடிவு செய்தேன். நினைத்து நினைத்துக் கண் கலங்கியது. இத்தனை வருஷமும் இந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுக்கத் தவறிவிட்டேனே!

காமன் ஊன்றுகிற நாளும் நெருங்கியது. இராமையா வாத்தியார் காமன் பொட்டலுக்கு எங்களை வரச் சொன்னார். லயத்து சனம் எல்லாம் கூடிவிட்டது. ஒற்றைக் காலில், அடிபட்ட காலில், சுண்ணாம்புக் கோடுவரை நொண்டிப் போக வேண்டும். முதலில் போய்ச் சேர்கிறவன் மன்மதன்.

தப்பு அடித்தார்கள். புறப்பட்டோம். என் கால் சொன்னதைக் கேட்டது. வலி என்பது மருந்துக்குக்கூட இல்லை. காற்றில் மிதந்தேன். பக்கத்தில் பார்த்தேன். சின்னத்தம்பியும் மிதந்துகொண்டிருந்தான். கோட்டை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிதித்தோம். வாத்தியார் இன்னொரு தடவை நொண்டச் சொன்னார். அப்போதும் அப்படியே.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டானிக் குடித்தவன் நான். முட்டை தின்றவன் நான். இவன் கால் எப்படித் தேறும்?

“வாத்தியாரே, இவன் என் டானிக்கத் திருடிக் குடிச்சிருக்கான்!” என்று கத்தினேன்.

“ஒங்க டானிக்கா? நான் குடிச்சதுதான் டானிக்கு! ஒங்களுக்கு வெறுந்தண்ணி!” என்று அவன் கத்தினான்.

“கொழுந்து எடுத்தது நானுடா!”

“நான்தான் எடுத்தேன்! கையால தடவித்தானே எடுத்தேன்!”

சொல்லிவிட்டு இரண்டு பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டோம். அவனுக்குக் கடிக்க எல்லாப் பல்லும் இருந்தது.

வாத்தியார் மெதுவாக மீனம்மா பக்கம் திரும்பினார்.

“ரெண்டும் கொழுந்துதான் வச்சேன் வாத்தியாரய்யா” என்றாள். “இவுக ரெண்டு பேரும் தடவித்தான் பாப்பாங்கன்னு தெரியும். முத்தல் வச்சா, முத்தல் எடுத்தவுக சண்டை போடுவாங்க. அதான்.”

“அப்ப ரெண்டு பேருக்கும் டானிக்கா?”

“ரெண்டு பேருக்கும் வெந்தயம் ஊறவச்ச தண்ணி. சூப்புன்னு குடிச்சது மொளகுத் தண்ணி. ரெண்டு ரொட்டியும் மஞ்சத்தூள் ரொட்டி.”

என் கெண்டைக்காலைக் குனிந்து பார்த்தேன். அது என்னைப் பார்த்து வெட்கப்பட்டது.

“அடிப்பாவி! அப்ப எங்க காலு எப்படித் தேறிச்சு?”

“டொக்டரையா மொத நாளே சொன்னாருல்ல? ஆட்டாம உக்காருங்கன்னு. சொன்னா உக்காந்திருப்பீங்களா? ஒத்திகை பாக்குறேன்னு இன்னொரு தரம் கான்ல விழுந்திருப்பீங்க. ஆராய்ச்சின்னதும் அசையாம உக்காந்தீங்க. தேங்காயும் திருவுனீங்க.”

“சரி, அந்த டானிக்கு? அந்த ஆட்டுக்கால்? அந்த முட்டையெல்லாம் எங்கடி?”

மீனம்மா ராக்காயியைப் பார்த்தாள். ராக்காயி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். பின்னாலிருந்து பார்த்தால் தோள் இரண்டும் குலுங்கின. நல்ல தசைப்பிடிப்பான தோள்கள்.

“அடிபட்ட ஒடம்பு தேறுறதுக்குன்னுதானே பேப்பர்ல போட்டிருக்கு?” என்றாள் மீனம்மா. “ஒங்களுக்கு ஒரு காலுதான் வலி. காலையில பேரு பதியப் பெரட்டுக்களத்துக்கு ஓடி, பொழுதுக்கும் மலையில ஏறி எறங்குறோம், எங்களுக்கு ரெண்டு காலும் வலி. அதான் நாங்களும் சீட்டுப் போட்டோம். எங்க பேரு விழுந்திச்சு.”

“எத்தன பேரோட பேரு போட்டீங்க?”

“ரெண்டு பேருதான். எங்க ரெண்டு பேரு.”

பெண்கள் கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். கங்காணியின் சம்சாரம் என்று நினைக்கிறேன். சின்னத்தம்பி ராக்காயியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். கடித்துவிட்டு, அவள் கையின் அகலத்தைப் பார்த்துக் கடிப்பதை நிறுத்திக்கொண்டான்.

நான் விடவில்லை. தோற்றாலும் நான் விஞ்ஞானி. “சரி. டானிக்கு வேலை செய்யுதா இல்லையா? அதையாச்சும் சொல்லு.”

மீனம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“சொல்ல முடியலங்க. நாங்க ரெண்டு பேருமே குடிச்சிட்டோம். குடிக்காத ஆள் ஒருத்தி வேணும்ல ஒத்துப் பாக்க? ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. டானிக்காலயா, சூப்பாலயா, இல்ல தேங்காய் திருவுற வேலை கொறைஞ்சதாலயான்னு தெரியல. இன்னொரு போத்தல் எடுத்துத் தந்தீங்கன்னா திரும்பப் பாக்கலாம்.”

வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவருக்கு விஞ்ஞானம் முக்கியமில்லை. கூத்துதான் முக்கியம். “ரெண்டு மன்மதன வச்சுக்கிட்டு நான் என்னா செய்வேன்? ரதி வேசம் கட்டுற நம்ம அழகன் வேற திம்புள்ளத் தோட்டத்துக்கு வேலை மாத்திக்கிட்டுப் போயிட்டான். எனக்கு இப்ப ரதிதான் இல்ல!”

மீனம்மா வாயைத் திறப்பதற்குள் நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். இத்தனை வருஷக் குடும்பத்தில் அந்த வேகம் எனக்கு வந்ததே இல்லை.

“வாத்தியாரய்யா, ரதிக்கு என்னா வேணும்?”

“ஆடணும். கடைசியில விழுந்து பொரண்டு ஒப்பாரி வைக்கணும். ஒப்பாரிதாம்மா முக்கியம். சனம் அழணும்.”

“கால் சுளுக்குன அன்னையிலருந்து எங்க வீட்டுல ஒப்பாரி கேக்காத நாள் உண்டா? ரோட்டுல போறவங்க சாவு வீடுன்னு நெனச்சு உள்ள வந்திருக்காங்க. சின்னத்தம்பி அண்ணனும் முனகுனாரு. ஆனா அழுகை வரல. ரெண்டு பேருக்கும் ஒரே காலு, ஒரே சுளுக்கு, ஒரே வெந்தயத் தண்ணி. எல்லாம் சமம். அழுகையிலதான் வித்தியாசம். இதவிட என்னா ஆதாரம் வேணும்?”

“ஆமாய்யா! நான் கூட ஒரு நாளு அந்தச் சத்தம் கேட்டு நின்னேன்” என்றார் வாத்தியார். அவர் கண் பளிச்சென்றது. “முத்துலிங்கந்தான் ரதி!”

கூட்டம் ஓ என்று கத்தியது. சின்னத்தம்பி எல்லாப் பல்லையும் காட்டினான்.

வீட்டுக்கு வரும் வழியில், பிரட்டுக்களம் தாண்டியதும் நின்றேன்.

“சம்பந்தி வாறாங்கன்னுதானே மன்மதன் வேணாமுன்ன? இப்ப சேலை கட்டிக்கிட்டு ஆடுனா மட்டும் மானம் போகாதா?”

“மன்மதனுக்கு மொகத்தத் தொறந்து போட்டு ஆடணும். ரதிக்கு முக்காடு. பத்தாததுக்கு அழுதுக்கிட்டே இருப்பீங்க, மூஞ்சி மண்ணுலதான் கெடக்கும். அடையாளமே தெரியாது.” வழியில் பொறுக்கிய விறகுக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “சம்பந்தி கேட்டாங்கன்னா, அவருக்குக் காலு இன்னும் தேறல, வீட்டுல படுத்திருக்காருன்னு சொல்லிக்கிறேன்.”

அன்று சாயங்காலமே மகள் கல்யாணத்துக்கு எடுத்த சிவப்புச் சேலையை எனக்குக் கட்டிப் பார்த்தாள். கொசுவம் வைத்து இடுப்பில் செருகினாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். நான் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பல் போன பிறகு முதல் தடவையாக என் பொக்கை வாய் வெளியே தெரியவில்லை. ஒருவேளை இதுவும் ஒரு பாக்கியம்தானோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மீனம்மா நாலடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எல்லாம் சரிதான். இடுப்புதான் கொஞ்சம் பெருசு. நாளையிலருந்து ரொட்டில பாதிதான் ஒங்களுக்கு.”